கதவு சாத்திய அறைக்கு ஒரு கேமரா

மணப்பெண் ஹனீனுக்குச் சடை பின்னி முடித்துப் பூத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் செந்தமிழ்ச்செல்வியின் கேமராவில் திரை அணைந்துபோனது. பொத்தானை அழுத்தினால் சத்தம் வந்தது. படம் விழுந்ததா, எப்படி விழுந்தது என்று பார்க்கத்தான் வழியில்லை. கல்யாணக் காலை. திரும்பச் செய்யுங்கள் என்று யாரையும் கேட்க முடியாத நேரம்.

புதுச்சேரி முல்லா வீதியில், ஹனீனின் தாய் மஹ்பூபா வீட்டின் உள் அறை அது. சன்னல்களைச் சாத்தி, கதவுக்குத் திரை போட்டு, உள்ளே முப்பது பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களெல்லாம் வாசல் பந்தலில். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அந்த ஓட்டு வழியாக விழும் வெளிச்சம்தான் அறைக்கு மொத்த வெளிச்சமும். அந்த அறைக்குள் கேமராவோடு நுழைய விடப்பட்ட ஒரே ஆள் செல்விதான். பதினெட்டு வருஷமாக அந்தத் தெருக்களின் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துப் படங்களை எடுப்பவள் அவள். அவளுடைய அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு செல்வி ஒரு ஸ்டுடியோவில் படங்களுக்குச் சட்டம் போடும் வேலைக்குப் போனாள். சட்டம் போட்ட கை மெல்லக் கேமராவையும் பிடித்துக்கொண்டது.

அவள் வேலைக்கு ஒரு முறை உண்டு. விசேஷம் முடிந்ததும் கேமராவிலிருந்து படங்கள் பதிந்த மெமரி கார்டைக் கழற்றி, மணப்பெண்ணின் தாயார் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். தன்னிடம் பிரதி வைத்துக்கொள்ள மாட்டாள். ஆல்பம் வேலையைக்கூட அந்த வீட்டிலேயே, அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பாள். கார்டு கைமாறிய பிறகுதான் சாப்பாடு. "கார்டு வந்தாச்சு, செல்விக்குப் பிரியாணி வையுங்க" என்று மஹ்பூபா உள்ளே குரல் கொடுப்பது அந்த வீட்டில் வழக்கப் பேச்சாகவே ஆகியிருந்தது.

அன்றைக்குத் திரை அணைந்ததால், ஒரே ஒரு படத்தை மட்டும் வயர் மாட்டிக் கேமராவிலிருந்து தன் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். தெளிவாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். தெளிவாக மட்டுமா இருந்தது? ஹனீனின் முதுகுப்புறம். இடுப்பைத் தாண்டி இறங்கும் சடையில் பாதிக்குப் பூ, மீதிக்கு வெறும் முடி. ஊசி பிடித்த மஹ்பூபாவின் விரல்கள். ஓட்டு வழியாக வந்த வெளிச்சம் கருமுடியின் மேல் எண்ணெய் போல வழிந்துகொண்டிருந்தது. தன் வாழ்நாளில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்று செல்விக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

போனிலிருந்து அதை அழித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதாகச் சத்தம். எழுந்து ஓடினாள், மறந்துபோனாள். பின்னால் கேட்டபோது மறந்துவிட்டதாகத்தான் சொன்னாள். நானும் நம்புகிறேன். ஆனாலும் நல்ல படத்தை அழிக்க யாருக்கு மனசு வரும், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த கல்யாணம் அதே வீட்டில், ஹனீனின் தங்கை ஹிபாவுக்கு. இரண்டு மாதம்தான் இருந்தது. பழைய கேமராவைத் திறந்து பார்த்த மெக்கானிக், "இந்த மாடலுக்கு சாமானே வர்றதில்லம்மா, வீட்டுல ஷோகேஸ்ல வெச்சிக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைக்குப் போனால் ஒருவன் ஒன்றைச் சொன்னான், அடுத்தவன் அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான். செல்வி தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷன் சுப்பிரமணியன் ஆட்டோ ஓட்டுகிறவர். ஊரில் நடப்பதெல்லாம் பின் சீட்டிலிருந்து அவர் காதுக்கு வந்துவிடும்.

"இதுக்குன்னே ஒரு வெப்சைட் இருக்குதாம் செல்வி. நேத்து ஆட்டோல ஒரு பொண்ணு பேசிக்கினு வந்துது. அது கேள்வி கேக்குமாம். நீ பதில் சொன்னா, உனக்குத் தோதான கேமரா இதுதான்னு சொல்லிடுமாம்."

"கல்யாண புரோக்கர் மாதிரியா?"

"புரோக்கர் கமிஷன் கேப்பான். இது ஒண்ணும் கேக்காது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேரும் ஊரும் கொடுத்துக் கணக்குத் திறந்ததும் தமிழிலேயே கேள்விகள் வந்தன. எதைப் படம் எடுப்பீர்கள்? பயணம், பறவை, குழந்தை, விளையாட்டு, கல்யாணம்.

"கல்யாணம் இருக்குது பாரு, தட்டு."

"இருக்குது. கதவு சாத்தின கல்யாணம்னு இல்லையே."

உங்கள் படங்களை எங்கே பகிர்வீர்கள்? அதற்கும் நாலைந்து பதில்கள் இருந்தன. எங்கேயும் இல்லை என்ற பதில் மட்டும் இல்லை. செல்வி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'அச்சில்' என்பதைத் தொட்டாள். கடைசியாக ஒரு வரி வந்தது. நீங்கள் எடுத்த படம் ஒன்றைக் காட்டுங்கள், இன்னும் துல்லியமாகச் சொல்வோம்.

போனில் தேடினாள். கடற்கரைச் சாலையில் சூரியன் எழுந்த படம் இருந்தது. ஆயுத பூஜைக்கு மாலை போட்ட ஆட்டோ இருந்தது. அப்புறம் அந்தப் படம்.

"இதக் காட்டலாமா?"

சுப்பிரமணியன் குனிந்து பார்த்தார். "யாரு இது?"

"அதான், உனக்கே தெரியல இல்ல? மூஞ்சி விழல. யாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"முதுகுதான. போடு."

கீழே பொடி எழுத்தில் நாலு வரியும், ஏற்கெனவே டிக் அடித்த ஒரு சின்னக் கட்டமும் இருந்தன. இரண்டு பேரும் கண்ணாடி போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி பொத்தானைத் தொட்டாள்.

ஒரு கேமராவின் படமும் பெயரும் வந்தன. அதன் கீழே ஏன் இந்தக் கேமரா என்று எழுதியிருந்தது. சுப்பிரமணியன் எழுத்துக் கூட்டி வாசித்தார். "நீங்கள் மூடிய அறையில் படம் எடுக்கிறீர்கள். வெளிச்சம் மேலிருந்து ஒரே ஒரு சிறிய திறப்பின் வழியாக வருகிறது. ஆட்கள் மிக நெருக்கமாக இருக்கிறார்கள். நீங்கள் ஃபிளாஷ் போடுவதில்லை. சத்தமில்லாமல் எடுக்கும் கேமரா உங்களுக்குத் தேவை."

செல்வி போனைக் கிட்டே இழுத்தாள். "நான் கண்ணாடி ஓட்டப் பத்தி ஒண்ணுமே எழுதலையே."

"படத்தப் பாத்துச் சொல்லுதுடி."

"கூடவே உள்ள வந்து ஒக்காந்திருந்த மாதிரி சொல்லுது."

பயம்தான் முதலில் வந்தது. ஆனால் சொன்ன அத்தனையும் சரியாக இருந்ததே. எந்தக் கடைக்காரனும் கேட்காததை ஒரு மெஷின் கண்டுகொண்டதே. போகப்போகப் பயம் சந்தோஷமாக மாறிவிட்டது. கேமராப் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் கழித்து மஹ்பூபா வீட்டுக்குப் போனாள். ஹிபா கல்யாணத்துக்கு எந்தக் கேமரா வரப்போகிறது என்று காட்ட அவளுக்கு ஆசை. மஹ்பூபா பெரிய மார்க்கெட்டில் வாங்கி வந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். ஹிபா பக்கத்தில் போனும் கையுமாக இருந்தாள்.

"பேரச் சொல்லு செல்வியக்கா, பாக்கறேன்" என்றாள் ஹிபா.

செல்வி சீட்டைப் பார்த்துச் சொன்னாள். ஹிபா தட்டினாள். அவள் கட்டைவிரல் அப்படியே நின்றது.

அந்த வெப்சைட்டில் அந்தக் கேமராவுக்கான பக்கத்தின் உச்சியில், திரை முழுக்க அடைத்துக்கொண்டு இருந்தது அந்தப் படம். 'குறைந்த வெளிச்சத்தில் இந்தக் கேமரா யாருக்கு உதவும்? இப்படிப்பட்ட படம் எடுப்பவர்களுக்கு.' கீழே ஊர்ப்பெயர் புதுச்சேரி.

செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. கண்ணுகளா, இதைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் அவள் சிரித்தாள்தான். பதினெட்டு வருஷம் எடுத்த படத்தில் ஒன்றைக்கூட வெளியே யாருக்கும் காட்டியிராதவள்.

"நான் எடுத்ததும்மா இது. எப்படிப் போட்டிருக்கறான் பாருங்க."

ஹிபா தாயைப் பார்த்தாள். மஹ்பூபா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என் விரலு" என்றார்.

"ஆமாம்மா. ஆனா மூஞ்சி யாரோடதும் தெரியல. தெரியாததாப் பாத்துத்தான் போட்டேன்."

"இது ஹனீனோட முடி, செல்வி."

"மூஞ்சிதான் தெரியலையே."

மஹ்பூபா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் செல்விக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"அவ மூஞ்சிய என்னைக்கு மூடினா? அந்த மூஞ்சியோடதான் ஸ்கூட்டில பேங்குக்குப் போறா. கவுன்டர்ல ஒக்காந்து நூறு பேருகிட்ட பேசறா. ஊரே பாக்குது. அவ மூடறது எத?"

செல்வியின் கண்ணுக்கு முன்னால் ஹனீன் தினமும் போகிற உருவம் வந்தது. சிரித்த முகம், அதைச் சுற்றி இறுக்கிக் கட்டிய முக்காடு. நெற்றியில் ஒரு மயிர் தெரிந்தாலும் கண்ணாடி பார்த்து உள்ளே தள்ளுகிற விரல். பதினெட்டு வருஷம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களெல்லாம் உள்ளே வந்ததும் முதலில் முக்காட்டைத்தான் எடுப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மறைப்பது முகத்தை என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"உம்மா, கீழ எழுதியிருக்கறாங்க" என்றாள் ஹிபா.

"படி."

"வேணாம்மா."

செல்வியே வாங்கிப் பார்த்தாள். பார்த்தவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம். இதயம் போட்டிருந்தார்கள். தெரியாத பாஷைகளில் எழுதியிருந்தார்கள். ஒருவன் தமிழில் கேட்டிருந்தான்: இவ்வளவு முடி, யார் வீட்டுப் பொண்ணு இது?

போனைக் கீழே வைத்தாள்.

"கார்டு என் கையிலதான குடுத்த? இது எப்படிப் போச்சு?" என்று மஹ்பூபா கேட்டார்.

செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். திரை அணைந்தது, போனுக்கு அனுப்பியது, அழிக்காமல் விட்டது, கேள்விகள், படிக்காமலே சம்மதம் சொன்ன சின்னக் கட்டம். கடைசியில் மஹ்பூபா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஹனீன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

அந்த வீட்டிலிருந்து செல்வி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

படத்தை வெப்சைட்டிலிருந்து எடுக்க என்ன செய்யலாம் என்று சுப்பிரமணியன் அன்று சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். எடுப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. தொட்டால் காரணம் கேட்டது. கேமரா பிடிக்கவில்லை. படம் தரமாக இல்லை. இதைவிட நல்ல படம் வைத்திருக்கிறேன்.

"கொடுக்கறதுக்கு எனக்குப் பாத்தியதை இல்லன்னு ஒண்ணு இருக்குதா பாரு" என்றாள் செல்வி.

இல்லை. 'பிற காரணம்' என்பதைத் தொட்டுக் கணக்கையே மூடினார்கள். உங்கள் படங்கள் ஏழு நாட்களுக்குள் அகற்றப்படும் என்று பதில் வந்தது.

ஏழு நாள். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் திறந்து பார்த்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாயிரம். பதினாலாயிரம். சடை பின்னிக்கொள்ள உட்கார்ந்தால் கண்ணாடியில் தன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. மூன்றாம் நாள் ஹிபா போன் செய்து, கடலூரிலிருக்கும் வேறொரு போட்டோக்காரப் பெண்ணிடம் உம்மா பேசியிருப்பதாக இழுத்து இழுத்துச் சொன்னாள். செல்வி "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். அந்த வீடு போனால் அந்தத் தெரு போய்விடும். தெரு போனால் அந்த அறைகள் எல்லாம் போய்விடும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு அறையும் தெரியாது.

ஆறாம் நாள் படம் போய்விட்டது. அந்த இடத்தில் எவரோ எடுத்த பூனைப் படம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லாசுப்பேட்டைப் புகுந்த வீட்டிலிருந்து ஹனீன் தாய்வீட்டுக்கு வந்தாள். செல்வி போய் அவள் எதிரில் உட்கார்ந்து, மஹ்பூபாவிடம் சொன்னது போலவே ஒன்றையும் விடாமல் சொன்னாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும், அந்தத் தமிழ் ஆள் கேட்டதையும்கூட மறைக்கவில்லை. ஹனீனின் கை தானாகவே முக்காட்டுக்குப் போனது. வீட்டுக்குள்தான் இருந்தாள், ஆண்கள் யாருமில்லை. இருந்தாலும் இழுத்து மூடிக்கொண்டாள். செல்வியைக் கொன்றது அதுதான்.

பிறகு ஹனீன் கேட்டாள். "உன் போன்ல இன்னும் இருக்குதா?"

அங்கே அழிக்கப் பாடுபட்டவள், இங்கே அழிக்கவே இல்லை.

"இருக்குது."

"என் முன்னாடி அழி."

செல்வி போனைத் திறந்தாள். படம் வந்தது. அதே வெளிச்சம், அதே பாதிப் பூ. அவள் விரல் ஒரு கணம் தயங்கியதை ஹனீன் பார்த்தாள். செல்வி அழித்தாள்.

"குப்பைத் தொட்டியிலயும்."

"என்னாது?"

"அழிச்சது ஒரு மாசம் அதுக்குள்ள கெடக்கும்க்கா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஹனீன் இடத்தைக் காட்டினாள். திறந்து பார்த்த செல்வி உறைந்துபோனாள். தான் அழித்துவிட்டதாக நினைத்த மங்கல் படங்கள், சமையல் எரிவாயு ரசீது, சுப்பிரமணியன் வாயைத் திறந்து தூங்கும் படம், எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. முதலில் சடை. அதை மறுபடியும் அழித்தாள்.

சுப்பிரமணியன் படத்தைப் பார்த்து ஹிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கால் வந்தது. மஹ்பூபா முறைத்தார்.

"எனக்குக் கோபம் இல்லக்கா" என்றாள் ஹனீன். "ஒடம்பு பதறுது. அது அடங்க நாளாவும். நாளைக்கு பேங்குல ஒருத்தன் உத்துப் பாத்தா, இவன் பாத்திருப்பானோன்னு தோணும். அதுக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது, நானும் பண்ண முடியாது."

செல்வி தலையாட்டினாள். அழவில்லை. அழுதால் அவர்கள் தேற்ற வேண்டியிருக்கும், அது நியாயமில்லை என்று நினைத்தாள்.

ஹனீன் தாயிடம் திரும்பினாள். "கடலூர்க்காரம்மா கார்டக் குடுப்பாங்களாம்மா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஆல்பம் பண்ணித் தருவாங்களாம்."

"அப்ப அவங்க வேணாம். செல்வியக்காவே எடுக்கட்டும். ஆனா கேமரா நம்ம வீட்டுல இருக்கட்டும்."

செல்விக்குப் புரியவில்லை.

"வர்றப்ப வெறுங்கையோட வா. எங்க கேமராவுல எடு. முடிஞ்சதும் இங்கயே வெச்சிட்டுப் போ. போனும் வாசல்லயே இருக்கட்டும். மத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் இங்கேர்ந்து எடுத்துட்டுப் போயி இங்கயே கொண்டாந்து வையி."

செல்வி வாய் திறந்தபடி இருந்தாள். போட்டோக்காரிக்குச் சொந்தமாக ஒரு கேமராகூட இல்லை. ஆனால் கதவு சாத்தப்படவில்லை. அதுவும் தெரிந்தது.

"எந்தக் கேமரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மெஷின் சொன்னதுதான். அறையச் சரியாத்தான சொல்லுச்சு?" என்றாள் ஹனீன்.

மஹ்பூபா எழுந்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. செல்வி முன்னால் வைத்தார்.

பாதி செல்வியும் பாதி மஹ்பூபாவுமாகப் போட்டு, ஹிபாவின் போனிலிருந்தே, அதே வெப்சைட்டில் வாங்கினார்கள். கல்யாணக் காலையில் செல்வி வெறுங்கையோடு வந்தாள். மஹ்பூபா பீரோவைத் திறந்து கேமராவை எடுத்துக் கொடுத்தார். மெஷின் சொன்னது பொய்யில்லை. சத்தமே இல்லை. ஒரே ஒரு ஓட்டு வெளிச்சத்தில் ஹிபாவின் சடையில் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக விழுந்தது. அக்காள் ஹனீன் பூத் தைத்துக்கொண்டிருந்தாள், தலை திறந்திருந்தது. செல்வி கேமராவோடு நெருங்கியபோது ஹனீனின் தோள் ஒரு முறை விறைத்தது. பிறகு ஊசி மறுபடியும் நகர்ந்தது.

அப்போது ஹிபாவின் போன் மடியில் ஒலித்தது. ஹிபா பார்த்தாள். முகம் மாறியது. பக்கத்திலிருந்த ஹனீனிடம் காட்டினாள், ஹனீன் வாங்கி வாசித்தாள்.

"உங்கள் புதிய கேமரா எப்படி இருக்கிறது? முதல் படத்தை எங்களுக்குக் காட்டுங்கள்."

சில பெண்கள் தலைக்குத் துணியைத் தேடினார்கள், யாரோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி. செல்வி கேமராவை இறக்கினாள். இந்த நேரத்தில், இந்த அறையில், இது எப்படிச் சரியாகக் கேட்கிறது?

"பொருளு வாங்கி இத்தனை நாள் ஆச்சுன்னா கேக்கும்க்கா. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்றாள் ஹிபா.

ஹனீன் போனை செல்வியிடம் நீட்டினாள். "நீயே பதில் போடு."

செல்வி கேமராவை மஹ்பூபாவின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொடி எழுத்து, சின்னக் கட்டம், எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை படித்தாள். டிக் அடித்திருந்ததைத் தொட்டு எடுத்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். முப்பது பெண்களும் காத்திருந்தார்கள். முடித்ததும் ஹனீனிடம் காட்டினாள். ஹனீன் சத்தமாகப் படித்தாள்.

"படம் நல்லா வருது. காட்ட முடியாது."

"அனுப்பு" என்றார் மஹ்பூபா.